கைகளில் நிற்றல்

ஒன்று நடக்கவே நடக்காது என்று உறுதியாக மறுக்க வேண்டுமானால், ‘தலைகீழாக நின்றாலும் நடவாது’ என்பது தமிழர் வழக்கு. மனிதனால் இயலும் செயல்களுள் தலைகீழாக நிற்பதே கடைசி எல்லை என்று அவ்வழக்கு கருதிக்கொள்கிறது. உண்மையில், உடல்நலமுள்ள இளைஞர் ஒருவர் நாள்தோறும் சில நிமிடங்கள் ஒதுக்கி, வரிசை பிறழாமல் பயின்றால், சில மாதங்களில் சுவரின் துணையுடன் கைகளில் நிற்கக் கற்றுக்கொள்ளலாம். சுவரை விட்டு விலகி நிற்பதற்கு மேலும் பல மாதங்கள் ஆகும். சிலருக்கு ஓராண்டைத் தாண்டும். அரிய செயல் என்பதைவிட, அவசரப்படுவோர்க்குக் கைவராத செயல் என்பதே பொருத்தம்.

உள்ளங்கைகளை நிலத்தில் ஊன்றி, முழங்கைகளை மடக்காமல், உடலை மேல்நோக்கி நேராக நிறுத்தும் இந்நிலையை விளையாட்டுத் துறையினர் ‘ஹேண்ட்ஸ்டாண்ட்’ என்பர். யோகத்தில் இதற்கு ‘அதோ முக விருட்சாசனம்’ என்று பெயர். கீழ்நோக்கிய முகமுடைய மரம் என்பது அதன் பொருள். தலை நிலத்தில் படிந்திருக்கும் சிரசாசனம் வேறு, இது வேறு. தமிழில் இதனைக் ‘கைநிலை’ எனலாம். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ‘கைந்நிலை’ என ஒன்று உண்டு. அங்குக் ‘கை’ என்பது ஒழுக்கத்தைக் குறிக்கும் சொல், உடலுறுப்பைக் குறிப்பதன்று. பெயரொற்றுமையைத் தவிர இரண்டிற்கும் தொடர்பில்லை. ஆயினும், ஒழுங்கு என்னும் பொருள் இங்கும் முற்றிலும் பொருந்தாமற் போகவில்லை.

அரத்தின் பாடம்

கர்நாடக எல்லையை ஒட்டி, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது ஓசூர். பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கும் ஊர் இது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவான பின்னர் இவ்வூரின் முகம் மாறியது. 1980ஆம் ஆண்டில் ‘டி.வி.எஸ். 50’ என்னும் சிறு வண்டி இங்கிருந்தே வெளிவந்தது. 1984இல் தொடங்கப்பெற்ற டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகாரங்கள் இங்கு உருவாயின. 2004இல் தருமபுரி மாவட்டத்திலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, ஓசூர் அம்மாவட்டத்தின் தொழில் மையமாக ஏற்கெனவே வளர்ந்திருந்தது. மேல்நிலைப் பள்ளியை முடித்த பின்னர்த் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, அங்கிருந்து தொழிற்சாலைக்குச் செல்வது இப்பகுதி மாணவர் பலரின் வழி.

அத்தொழிற்பயிற்சி நிலையங்களில் பிட்டர் பிரிவில் சேரும் மாணவர் முதல் நாளே இயந்திரத்தை இயக்குவதில்லை. அவர் கையில் அரம் ஒன்று தரப்படும். வைஸில் இறுக்கிய இரும்புத் துண்டை ராவி, அதன் மேற்பரப்பைச் சமதளமாக்க வேண்டும். எளிய வேலை போலத் தோன்றும். ஆனால், புதியவரின் கை அரத்தை முன்னே தள்ளும்போது ஊஞ்சல்போல் ஏறி இறங்கும். எனவே, இரும்பின் ஓரங்கள் மிகுதியாகத் தேய்ந்து, நடுப்பகுதி முதுகுபோல மேடாகிவிடும். மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் பிழை உடனே தெரியும். மாணவர் மீண்டும் ராவுவார். நாள்கள் பல கழிந்த பின்னரே ஊசலாட்டம் அடங்கும். அதுவரை அவருக்குத் துளையிடும் இயந்திரமும் இல்லை, கடைசல் இயந்திரமும் இல்லை.

இந்த அரவேலையும் கைநிலையும் தம்முள் உறவுடையவை என்றால் வியப்பாக இருக்கலாம். அவ்வுறவை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் (1896–1966) என்னும் உருசிய அறிஞர். 1920களின் தொடக்கத்தில் மாஸ்கோவில் இருந்த மத்திய உழைப்பு ஆய்வு நிறுவனத்தில் அவர் பணியாற்றினார். சுத்தியலால் உளியை அடித்து உலோகத்தை வெட்டும் தொழிலாளரின் மூட்டுகளில் சிறு விளக்குகளைப் பொருத்தி, அவர்களின் அசைவுகளை ஒளிப்படமாகப் பதிவுசெய்தார். தேர்ந்த தொழிலாளியின் கை ஒவ்வோர் அடியிலும் ஒரே பாதையில் இயங்கும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. படங்களோ வேறொன்றைக் காட்டின. சுத்தியலின் முனை ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தைச் சென்றடைந்தது. ஆனால், அதனைக் கொண்டுசென்ற தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் அசைவுகள் ஒவ்வோர் அடிக்கும் சற்றே வேறுபட்டன. ஒரு மூட்டில் நேர்ந்த பிழையை மற்றொரு மூட்டு அவ்வப்போதே ஈடுசெய்தது.

பயிற்சி என்பது ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து உடலில் அச்சடிப்பதன்று. ஒரே சிக்கலை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்ப்பதே பயிற்சி என்னும் முடிவுக்கு அவர் வந்தார். புதிதாகக் கற்பவர் தம் மூட்டுகளை விறைப்பாக்கிக்கொள்வதையும் அவர் விளக்கினார். அசையக்கூடிய மூட்டுகள் மிகுந்தால் கட்டுப்படுத்த வேண்டியவையும் மிகும். ஆதலால், உடல் முதலில் பல மூட்டுகளைப் பூட்டி வைக்கிறது; திறன் வளர வளர, அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுகிறது. அரம் பிடித்த புதிய மாணவரின் இறுகிய தோள்களிலும், முதன்முதலாகச் சுவரோரம் தலைகீழாக நிற்பவரின் பிதுங்கிய கழுத்து நரம்புகளிலும் இதனைக் காணலாம்.

தலைகீழான ஊசல்

இரு கால்களில் நிற்கும்போது உடல் அசையாமல் நிற்பதாக எண்ணுகிறோம். கண்களை மூடிக்கொண்டு சற்று நேரம் நின்றால், உடல் முன்னும் பின்னும் மெல்ல ஆடுவதை உணரலாம். புவியீர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழே இறங்கும் கோடு பாதங்களின் பரப்பிற்குள் விழும்வரை உடல் வீழ்வதில்லை. அக்கோடு விரல்பக்கம் நகர்ந்தால் கால்விரல்கள் நிலத்தை அழுத்துகின்றன. உடல் பின்னுக்கு வருகிறது. இவ்வேலையில் பெரும்பங்கைக் கணுக்கால் செய்கிறது.

கைநிலையில் கணுக்காலின் பொறுப்பை மணிக்கட்டு ஏற்கிறது. விளையாட்டு உயிரியக்கவியல் ஆய்வுகள் இதனை உறுதிசெய்துள்ளன. ஆனால், மணிக்கட்டுக்கு வாய்த்த வசதிகள் குறைவு. பாதத்தைவிட உள்ளங்கை நீளத்தில் சிறியது. மணிக்கட்டில் உள்ளவை எட்டுச் சிறிய எலும்புகள். அவை எடை தாங்குவதற்கென்று அமைந்தவையல்ல, பல திசைகளில் வளைந்து பொருள்களைப் பற்றுவதற்கென்று அமைந்தவை. தோள்மூட்டின் கிண்ணமோ இடுப்புமூட்டின் கிண்ணத்தைப்போல் ஆழமானதன்று. கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிவது அதனால்தான். முழு உடலெடையும் அதன்மேல் ஏறும்போது தசைகளே அதனை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருப்பதும் அதனால்தான். இவ்விரு மூட்டுகளுக்கும் மேலே, நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில், உடலின் புவியீர்ப்பு மையம் நிற்கிறது.

இயற்பியலில் இதனைத் தலைகீழ் ஊசல் என்பர். சிலம்பக் கழியை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பார்த்த சிறுவர்க்கு இதன் இயல்பு தெரிந்திருக்கும். கழி சாயும் பக்கமே கையை நகர்த்தினால் அது நிமிரும். நீண்ட கழியை நிறுத்துவது எளிது, எழுதுகோலை நிறுத்துவது கடினம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். நீளமானது மெல்லச் சாய்வதால் திருத்துவதற்கு நேரம் கிடைக்கிறது. கைநிலையில் கையை நகர்த்த இயலாது. அதற்கு மாறாக, கையின்மேல் விழும் அழுத்தத்தின் இடத்தை நகர்த்த வேண்டும். உடல் விரல்பக்கமாகச் சாயும்போது, விரல்நுனிகள் நிலத்தைப் பற்றுவதுபோல் அழுத்துகின்றன. சாய்வு நின்று உடல் மீள்கிறது. உடல் எதிர்ப்பக்கமாக, அதாவது கால்கள் புறப்பட்ட பக்கமாகச் சாய்ந்தால் திருத்துவது கடினம். உள்ளங்கையின் அடிப்பகுதிக்கும் மணிக்கட்டுக்கும் இடையே எஞ்சியிருக்கும் இடம் மிகச் சிறிது. அப்போது தோள்களை முன்னே தள்ளியோ முழங்கையைச் சற்று மடக்கியோதான் மீள முடியும். ஆகவே, தேர்ந்தவர்கள் எடையை எப்போதும் சற்றே விரல்பக்கம் வைத்திருப்பார்கள். விழுந்தாலும் திருத்தத்தக்க பக்கமாகவே விழுவதற்கு அணியமாக நிற்பது அவர்தம் உத்தி.

உட்செவியில் உள்ள மூன்று அரைவட்டக் குழல்களும், புவியீர்ப்பை உணரும் நுண்கற்களும் தலை எப்பக்கம் இருக்கிறது என்பதை மூளைக்கு அறிவிக்கின்றன. வாழ்நாள் முழுவதும் நிமிர்ந்த தலையின் செய்திகளுக்கே பழகிய மூளை, அவை திடீரெனத் தலைகீழாக வரும்போது குழம்புகிறது. இடம் வலமாகவும், முன் பின்னாகவும் தோன்றும். ‘காலை வலப்பக்கம் நகர்த்து’ என்று ஆசிரியர் கூற, மாணவர் இடப்பக்கம் நகர்த்துவது கவனக்குறைவால் அன்று. இரு கைகளுக்கும் நடுவே நிலத்தில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி கற்பிப்பதற்குக் காரணம் இதுவே. குழம்பிய செவிக்குக் கண் துணைநிற்கிறது.

கழைக்கூத்திலிருந்து யோகசாலை வரை

கைகளில் நிற்கும் கலை தமிழகத்திற்குப் புதிதன்று. ‘கரணம் தப்பினால் மரணம்’ என்னும் பழமொழி, கழைக்கூத்தாடிகளின் வாழ்க்கையைக் கண்முன் நிறுத்துகிறது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட தொம்பர் சமூகத்தினர் தென்னிந்தியா முழுவதும் ஊர் ஊராகச் சென்று, கழியிலும் கயிற்றிலும் வித்தை காட்டி வாழ்ந்தனர். அவர்களின் குழந்தைகள் நடை பழகும் பருவத்திலேயே கரணம் பழகினர். அக்கலையின் நுட்பத்தை வியந்தவர்கள், அதைக் கற்ற குழந்தைகளின் பசியைப் பெரும்பாலும் எண்ணிப் பார்க்கவில்லை.

இக்கலை பள்ளி வடிவம் பெற்றது மலபாரில். தலச்சேரியில் உடற்பயிற்சி ஆசிரியராக விளங்கிய கீலேரி குஞ்ஞிக்கண்ணன், களரிப்பயிற்றையும் ஜிம்னாஸ்டிக்ஸையும் இணைத்துக் கற்பித்தவர். விஷ்ணுபந்த் சத்ரே 1880இல் தொடங்கிய இந்தியாவின் முதல் சர்க்கஸ் குழு, பயிற்சி பெற்ற கலைஞர்களை வேண்டி நின்றது. 1901இல் தலச்சேரிப் பகுதியில் கீலேரி சர்க்கஸ் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். அவரிடம் பயின்றவர்கள் பிற்காலத்தில் இந்தியச் சர்க்கஸ் உலகையே நடத்தினர்.

அதே துறைக்கு ஓர் இருண்ட பக்கமும் இருந்தது. குழந்தைகளின் எலும்பு இளகியிருக்கும்போதே வளைக்க வேண்டும் என்னும் எண்ணத்தில், பின்னாளில் பல குழுக்களில் சிறுவர் சிறுமியர் வற்புறுத்திப் பழக்கப்பட்டனர். சர்க்கஸ்களில் சிறுவரைப் பணியமர்த்துவதைத் தடைசெய்யுமாறு 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மைய அரசுக்கு ஆணையிட்டது. படிப்படியான பயிற்சி என்று பேசும்போது இதனை மறத்தல் ஆகாது. அடுத்த படிக்கு எப்போது செல்வது என்பதைக் கற்பவரின் உடல் முடிவுசெய்தால் அது பயிற்சி. காட்சிக்கு நாள் குறித்தவர் முடிவுசெய்தால் அது வேறு.

மைசூரில் மற்றொரு மரபு உருவாயிற்று. மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், 1933இல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை ஒன்றைத் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் நடத்தத் தொடங்கினார். பிற்காலத்தில் சென்னையில் குடியேறி, 1989இல் மறையும்வரை அங்கேயே கற்பித்தார். ‘வின்யாசக் கிரமம்’ என்னும் கருத்து அவருடைய கற்பித்தலின் மையம். எந்த நிலையையும் அதற்கு முந்தைய அசைவுகள் வழியாக வரிசையாக அணுக வேண்டும். அந்நிலையிலிருந்து வெளியேறுவதற்கும் உரிய அசைவுகள் வேண்டும். ஏறுவதற்கு மட்டுமன்றி இறங்குவதற்கும் படிகள் உண்டு என்று கூறியதே அதன் சிறப்பு.

அவரிடம் பயின்றவர்களுள் பி.கே.எஸ். அய்யங்கார் (1918–2014) ஒருவர். கிருஷ்ணகிரி மாவட்டத்தை ஒட்டியுள்ள கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், பெல்லூர் என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையில் மலேரியா, காசநோய், டைபாய்டு என அடுத்தடுத்து நோயுற்று மெலிந்திருந்தார். நலமான உடலுக்குரிய பயிற்சிகள் மெலிந்த உடலுக்கு எவ்வளவு கடினமானவை என்பதை அவர் தம் உடலாலேயே அறிந்தார். சுவர், கயிறு, நாற்காலி, மரக்கட்டை ஆகியவற்றைத் துணைக்கருவிகளாக்கி அவர் வகுத்த முறை உலகெங்கும் பரவியதற்கு இவ்வறிவு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். 1966இல் வெளிவந்த ‘லைட் ஆன் யோகா’ என்னும் ஆங்கில நூலில், ஒவ்வோர் ஆசனத்திற்கும் அதன் கடினத்தைக் காட்டும் எண் தரப்பட்டிருக்கிறது. நூலின் இறுதியில் வார வரிசைப்படி அமைந்த பயிற்சித் திட்டமும் உண்டு. அது 300 வாரங்கள் வரை நீளும். ஆறு ஆண்டுகளுக்கு ஒரு கால அட்டவணை! சுவரில் சாய்ந்து நிற்பது ஏமாற்று வேலை என்று கருதுவோர் இன்றும் உளர். இரும்பை ராவுபவர் அதனை வைஸில் இறுக்குவதை யாரும் ஏமாற்று வேலை என்பதில்லை.

படிகள்

கைநிலையின் முதற்படி நிற்பதன்று, மணிக்கட்டை அணியமாக்குவது. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, விரல்களை நன்கு விரித்து, உடலெடையை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெல்லச் சாய்த்துச் சாய்த்து மணிக்கட்டைப் பழக்க வேண்டும். தசைகள் சில வாரங்களில் வலுப்பெறுகின்றன. தசைநாண்களும் மூட்டிணைப்புகளும் அவ்வளவு விரைவில் வலுப்பெறுவதில்லை. ‘எனக்கு வலு வந்துவிட்டது’ என்று தசை சொல்லும்போது, மணிக்கட்டு இன்னும் அணியமாகாமல் இருக்கும். பயிற்சியைப் பாதியில் கைவிடுவோருள் பலர் இந்த இடைவெளியில் காயமுற்றவர்களே. மார்கழி, தை மாதங்களில் ஓசூரின் விடியற்காலைக் குளிர் கடுமையானது. அந்நாள்களில் இப்பயிற்சிக்கு இருமடங்கு நேரம் கொடுப்பது நன்று. இரவுப் பணி முடித்துக் காலையில் வீடு திரும்பும் தொழிலாளிக்கு ஓய்வே முதற்பயிற்சி. கற்ற அசைவுகளை மூளை உறுதிப்படுத்திக்கொள்வது பெரும்பாலும் உறக்கத்தில்தான்.

அடுத்தது, உடலை ஒரே பலகைபோல் இறுக்கக் கற்பது. தண்டால் எடுப்பதற்குரிய தொடக்கநிலையில் முழங்கைகளை மடக்காமல் நின்று, தோள்களால் நிலத்தைத் தள்ளுவது இதன் எளிய வடிவம். பின்னர்ப் பாதங்களை ஒரு விசிப்பலகையின்மேல் வைத்து, இடுப்பைத் தோள்களுக்கு நேர்மேலே உயர்த்தி, உடலை மூலைமட்டத்தின் வடிவில் நிறுத்த வேண்டும். உடலெடையின் பெரும்பகுதி இப்போது கைகளுக்கு வந்துவிடும். ஆனால், வீழ்ச்சிக்கு இடமில்லை. தலைகீழான பார்வைக்குக் கண்ணும் செவியும் பழகுவதற்கு இந்நிலை மிகவும் உகந்தது.

மூன்றாவது படியைப் பலர் தவிர்த்துவிடுகின்றனர். ஆனால், எல்லாவற்றிலும் இன்றியமையாதது அதுவே. அது விழக் கற்றல். கைகளில் நிற்க முயல்பவரைத் தடுப்பது பெரும்பாலும் வலுவின்மையன்று, அச்சம். முதுகுப்புறமாக விழுந்துவிடுவோம் என்னும் அச்சம் இருக்கும்வரை, கால்கள் மேலே செல்வதற்கு உடல் இசைவதில்லை. பாதி உயரத்தில் அவை தாமே திரும்பிவிடும். ‘அஞ்சாதே’ என்று எத்துணை முறை கூறினும் பயனில்லை. அவ்வச்சத்தில் நியாயம் இருக்கிறது. வெளியேறும் வழி தெரிந்தவுடன் அது தானே தணியும். சமநிலை தவறும் கணத்தில் ஒரு கையை எடுத்து முன்னே வைத்து, இடுப்பைத் திருப்பி, வண்டிச்சக்கரம் உருள்வதுபோல் பக்கவாட்டில் கால்களை இறக்குவது எளிய வழி. இதனை முதலில் தாழ்ந்த உயரத்தில், புல்தரையிலோ விரிப்பின்மேலோ, பலமுறை பழக வேண்டும். சிமெண்டுத் தரையும் மொட்டைமாடியின் ஓரமும் பயிற்சிக்கு உரிய இடங்கள் அல்ல.

இவற்றின் பின்னரே சுவர். சுவருக்கு முதுகைக் காட்டிக் கால்களை வீசி ஏறுவதே பெரும்பாலோர் செய்வது. அவ்வாறு ஏறினால் குதிகால் சுவரில் சாய, முதுகு வில்லாக வளைந்துவிடும். அவ்வளைவு பழக்கமாகிப் பின்னர் விடுவது அரிதாகும். சுவரை நோக்கி வயிறு இருக்குமாறு ஏறுவது நல்லது. பாதங்களைச் சுவரில் வைத்து மெல்ல மேலேறி, கைகளைச் சிறிது சிறிதாகச் சுவரின் பக்கம் நகர்த்த வேண்டும். சுவருக்கும் மார்புக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி எஞ்சும் நிலையில், கால்விரல்கள் மட்டும் சுவரைத் தொட்டிருக்கும். முதல் நாளில் பத்து நொடிகள் போதும். மூச்சை அடக்காமல் நாற்பது, ஐம்பது நொடிகள் நிற்கும் ஆற்றல் வரும்வரை அடுத்த படிக்கு விரைய வேண்டியதில்லை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என வாரத்தில் ஒரு நாள் வருந்துவதைவிட, பத்து நிமிடங்கள் என வாரத்தில் ஐந்து நாள்கள் பயில்வது மிகுந்த பயன்தரும். களைத்த உடல் பிழையான அசைவுகளையே கற்றுக்கொள்கிறது.

அதன் பின்னர், சுவரிலிருந்து ஒரு பாதத்தை எடுப்பதும், பிறகு மற்றொன்றை எடுப்பதும் தொடங்கும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. காலால் சுவரை உதைத்து விலகினால் உடல் எதிர்ப்பக்கம் விழும். எடையை மெல்ல உள்ளங்கையின் நடுவுக்குக் கொண்டுவந்து, கால் தானே சுவரை விட்டு விலகுமாறு செய்ய வேண்டும். ஒரு நொடி, இரண்டு நொடிகள் எனத் தொடங்கும் இப்பயிற்சியில்தான் விரல்கள் தம் வேலையைக் கற்கின்றன.

திறந்த வெளியில் ஒரு காலை வீசி ஏறுவது கடைசிப்படி. ஏறும் விசை ஒவ்வொரு முறையும் வேறுபடுவதால், வந்து சேரும் இடமும் வேறுபடும். பெர்ன்ஸ்டைன் கண்ட சுத்தியலைப்போல, வெவ்வேறு பாதைகளில் சென்று ஒரே புள்ளியை அடைய உடல் கற்கும் கட்டம் இது. சில நாள்கள் ஐந்து நொடிகள் நின்றவர் மறுநாள் ஒரு நொடியும் நிற்க மாட்டார். இதனை வீழ்ச்சி எனக் கருதிச் சோர்வுறுவோர் பலர். ஒவ்வொரு நாளின் அளவையும் குறிப்பேட்டில் எழுதிவைத்து, மாதத்திற்கு ஒருமுறை திருப்பிப் பார்த்தால், நாளுக்கு நாள் தெரியாத வளர்ச்சி அங்கே தெரியும்.

ஸ்கூட்டரும் சமநிலையும்

திரிபுராவின் அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகர் சிறுமியாக ஜிம்னாஸ்டிக்ஸ் பயிலத் தொடங்கியபோது, அவருடைய பாதங்கள் தட்டையாக இருந்தன. தாண்டிக் குதிக்கும் விளையாட்டில் அது பெருங்குறை. பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தி முதலில் அவருடைய பாதங்களுக்கே பயிற்சி அளித்தார். அங்கு முறையான கருவிகள் இல்லை. பழைய ஸ்கூட்டரின் பாகங்களைக் கொண்டும் பயிற்சிக் கருவி செய்துகொண்டனர். இருசக்கர வண்டிகளை உருவாக்கும் ஊரில் வாழ்வோர்க்கு இச்செய்தி தனிச்சுவை தரக்கூடும்.

2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் தீபா வெண்கலம் வென்றார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் பங்கேற்று, அவ்விளையாட்டில் ஒலிம்பிக் சென்ற முதல் இந்தியப் பெண்ணானார். அங்கு அவர் செய்த ‘புரொடுனோவா’, தாண்டுமேசையைக் கைகளால் உந்தி எழுந்து, காற்றில் முன்புறமாக இருமுறை கரணமிட்டு இறங்கும் கடினமான தாண்டல். ஓடிவந்த வேகம் முழுவதும் ஒரு நொடியினும் குறைந்த பொழுதில் இரு உள்ளங்கைகளின் வழியாக மேல்நோக்கித் திரும்புகிறது. அக்கணத்தில் உடல் கடந்து செல்வது கைநிலையே. 15.066 புள்ளிகளுடன் நான்காம் இடம் பெற்றார். மூன்றாம் இடத்திற்கும் அவருக்கும் இடைவெளி 0.150 புள்ளி.

யார் தவிர்க்க வேண்டும்?

தலைகீழ்நிலை எல்லார்க்கும் உரியதன்று. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள், யோகம் பயில்வோரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தின்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இருமடங்காவதைக் கண்டறிந்தனர். கைநிலையிலும் தலை தாழ்ந்தே இருக்கிறது. எனவே, கண்ணழுத்த நோய் உடையவர்கள் இதனைத் தவிர்க்க வேண்டும். உயர் இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, கழுத்து அல்லது மணிக்கட்டுக் காயம் உடையவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடங்குதல் கூடாது. உணவு உண்ட பின்னர் இரண்டு, மூன்று மணி நேரமேனும் கழிய வேண்டும். தசையில் தோன்றும் சோர்வுவலி இரண்டொரு நாளில் நீங்கும். மூட்டுக்குள் குத்தும் வலி அத்தகையதன்று, அது தோன்றினால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். தொடக்கக் கட்டங்களில் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் அருகில் இருத்தல் கட்டாயம்.

அத்தகைய ஆசிரியர், மாணவர் முதன்முறையாகச் சுவரை விட்டு விலகி நிற்கும்போது, மேலே நிமிர்ந்திருக்கும் கால்களைப் பார்ப்பதில்லை. நிலத்தில் ஊன்றிய விரல்களையே பார்க்கிறார். உடல் விரல்பக்கம் சாயும்போது நகங்களின் நுனி வெளுக்கிறது, மீளும்போது சிவக்கிறது. தொலைவில் இருப்பவருக்கு அசைவற்ற சிலையாகத் தோன்றும் உருவத்தின் அடியில், பத்து விரல்களும் நொடிக்கு நொடி வெளுத்தும் சிவந்தும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.